சுருங்கும் என்று விட்ட இடம்

அவர் போட்டிருந்த எந்தச் சட்டையும் அவருக்கென்று தைத்தது மாதிரி இருக்காது. பெரிய உடம்புக்காரர் யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டதுபோலத் தோளிலிருந்து தொங்கும். அத்தனையையும் தைத்த பாவி நான்தான். நான் ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறவள். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஆண்களுக்குத் தைக்கும் கடைகள் அப்போது இரண்டு மூன்று இருந்தன. அவர் கேட்கும் அளவில் தைத்துக் கொடுத்தால் தங்கள் பெயர் கெட்டுப்போகும் என்று அவர்கள் எல்லாரும் கைவிரித்துவிட்டதால், பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் என்னிடம் வந்தார்.

முதல் தடவை துணியோடு வந்தபோது அளவெடுத்து முடித்தேன். அவர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருங்குவதற்கு எவ்வளவு விட்டிருக்கிறேன் என்று கேட்டார். துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவேன், அதற்குமேல் சுருங்க அதில் ஒன்றும் இருக்காது என்றேன்.

"நனைச்சாலும் சுருங்கும்மா. நீ பாட்டுக்குக் கொஞ்சம் வுட்டு வெட்டு" என்றார்.

அந்தத் துணி சுருங்கவே இல்லை. அவரும் விடவில்லை. அடுத்த சட்டைக்கும் அதேதான்.

அவர் செராமிக் யூனிட் ஒன்றில் அச்சு செய்யும் பிரிவில் இருந்தார். மண்ணில் எதைச் செய்வதானாலும் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் அச்சு செய்ய வேண்டுமாம். காயும்போது ஒரு சுருக்கு, சூளையில் வேகும்போது இன்னொரு சுருக்கு. ஃபியூஸ் கட்டையோ டீ கப்போ, இரண்டு சுருக்கையும் தாண்டி வெளியே வரும்போதுதான் அது தன் அளவுக்கு வரும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஆனால் மற்றவர்கள் ஷிப்ட் முடிந்து கைகழுவும்போது அதையும் சேர்த்துக் கழுவிவிட்டு வருவார்கள். இவர் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். இரண்டு பேரும் என் கடையை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தார்கள்.

மாசி மகத்துக்குக் கோயில் வாசலில் கடை போடுகிறவர்களிடம் செருப்பு வாங்குவார். காலுக்கு மேல் ஒரு விரல் நீண்டிருக்கும். தோல் சுருங்கும் என்பார். ரப்பர் செருப்புக்கும் அதையேதான் சொல்வார். ரயிலுக்குப் போவதென்றால் வீட்டில் மத்தியானச் சோறு இறங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். ஜங்ஷனில் அவர் ஏற வேண்டிய வண்டிக்கு முந்தைய வண்டி வந்து, நின்று, போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் கல்யாணத்தில் சமையல்காரரிடம் சொல்லிச் சொல்லி அரிசியைக் கூட்டினார். கூட்டம் சுருங்கவும் இல்லை, அதேசமயம் சோறு தீரவும் இல்லை. மறுநாள் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அந்தக் கல்யாணத்துக்கென்று வாங்கிய அண்டா ஒன்று உண்டு. அதற்குள் நான் உட்கார்ந்து தைக்கலாம், அவ்வளவு பெரிது.

இந்தக் குணத்தால் எனக்கு ஒரு லாபம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தையல்காரி சொல்கிற நாளில் துணி கிடைக்காது என்பது ஊரறிந்த விஷயம். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் மற்றவர்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து நிற்பார்கள். அண்ணன் செவ்வாய்க்கிழமைதான் வருவார். என் வார்த்தைக்கும் அவரே கொஞ்சம் விட்டு வைத்திருப்பார். என் வாழ்க்கையில் என்னைத் திட்டாத ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

ஆனால் அவரோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது வேறு மாதிரி இருந்தது. அண்ணன் எதைச் சொன்னாலும் பெரிதாகச் சொல்வார். சுருங்கி வரும்போது சரியான அளவில் இருக்க வேண்டுமல்லவா. திருப்பதிக்குப் போகலாம் என்பார், பக்கத்திலிருக்கிற நல்லூர்க் கோயிலுக்குப் போய்விட்டு வருவார்கள். பட்டுப்புடவை என்பார், காட்டன் வரும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. சொல்லும்போது முழுசாக நம்பித்தான் சொல்வார். அண்ணி ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து ஊக்கு தைத்துக்கொண்டே சொன்னார்.

"அவுரு சொல்றத நான் கேக்குறப்பவே மனசுல சுருக்கிப் போட்டுருவேன்மா. அதுக்கும் கீழதான் வந்து நிக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

அண்ணன் சொன்னதிலேயே பெரியது வீடுதான். ஊருக்கு வெளியே நீளமாக, அகலமில்லாமல் ஒரு மனை வாங்கிப்போட்டிருந்தார். மாடி, மூன்று அறை, சமையல்கட்டில் பகல் முழுக்க வெளிச்சம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். வாடகை வீட்டுச் சமையல்கட்டில் அண்ணி பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் அரிசியில் கல் பொறுக்குவார். கரண்ட் போனால் வாசற்படிக்கு முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் வெளிச்சம் என்ற சொல் மட்டும் அவர் காதில் சுருங்காமல் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். தினமும் காலையில் போய்ச் சுவருக்குத் தண்ணீர் விட்டார். அண்ணன் ஷிப்ட் முடிந்தும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் செங்கல் சுமந்தார், கலவை போட்டார், ஒரு கொத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சுவரும் எழுப்பினார். மாடி போய்விட்டது. மூன்று அறை இரண்டானது. பிறகு பக்கத்து மனைக்காரர்கள் இரண்டு பேருமே எல்லைக் கோட்டின்மேல் உயரமாகச் சுவரெழுப்பிவிட்டார்கள். நடு அறைக்கும் அதோடு சேர்ந்த சமையல்கட்டுக்கும் ஜன்னல் வைக்க வழியில்லாமல் போனது. வெளிச்சமும் சுருங்கி, இருட்டாகவே வந்து நின்றது.

அந்தச் சமயத்தில் அண்ணி தன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திட்டக்குடி போயிருந்தார். இங்கே தளம் போட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் நடு அறையின் கூரையில் சதுரமாக ஒரு துண்டு வானம். அண்ணன் பலகையடித்து அந்த இடத்தை மட்டும் காங்கிரீட் போடாமல் விட்டிருந்தார். மேலே நாலு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டி, அதன்மேல் சரிவாகத் தடிமனான கண்ணாடி பதிக்கப்போவதாகச் சொன்னார். உள்ளே கம்பி வரும், திருடனும் குரங்கும் இறங்க முடியாது. கொத்தனார் அதை ஸ்கைலைட்டு என்றார். அண்ணன் அதை வெளிச்சம் என்றார்.

அண்ணி அதை ஓட்டை என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்த ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு போட்டிருந்தார்களாம். மகள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். கார்த்திகை மழையில் அந்த ஓட்டின் ஓரமாகத் தண்ணீர் இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பாயெல்லாம் நனைந்துவிட்டது. அதற்கப்புறம் குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டி, பிழைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பிழைத்த அந்தக் குழந்தையின் கல்யாணத்தில்தான் நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன். ஆனால் அண்ணிக்கு அந்த ஈரப் பாய் மறக்கவில்லை.

அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தலைக்கு மேல ஓட்டைய வச்சிக்கிட்டு என்னால படுக்க முடியாதுங்க. நீங்க போயி இருங்க. நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடறேன்."

வாடகை வீட்டுக்காரரோ தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லியிருந்தார். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். கடையில் தைத்துக்கொண்டே இவர் சொன்னதை அவரிடம், அவர் சொன்னதை இவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அண்ணன் அதை முழுசாக முடிக்கட்டும். ஒரு நல்ல மழை பெய்யட்டும். உள்ளே ஒரு சொட்டும் விழவில்லையென்றால் அண்ணி வந்து பால் காய்ச்சுவார். விழுந்தால் காங்கிரீட் போட்டு மூடிவிட வேண்டும், அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. அண்ணன் இதிலும் தன் குணத்தைக் காட்டினார். நாலைந்து சொட்டு வரைக்கும் விடலாமா என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு சொட்டும் கூடாது என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன்.

மேலே கண்ணாடி பதித்தது சீக்கிரமே முடிந்துவிட்டது. உள்ளே பார்த்தால்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பலகை பிரித்த இடமெல்லாம் சொரசொரப்பு, ஒரு பக்கம் செங்கல் பல்லிளித்தது, விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. கண்ணாடி போட்ட ஓட்டை, அவ்வளவுதான். அண்ணனுக்கே அது தெரிந்தது. இதை ஓட்டை என்று யாரும் சொல்லாத மாதிரி முடித்துக் காட்டுகிறேன் என்றார். விளிம்பைச் சுற்றிப் பதிக்க வெள்ளைப் பீங்கானில் கரை செய்யப்போவதாகச் சொன்னார். மூலைக்கு மூலை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் துண்டுகள். பளபளவென்று மெருகு. வழக்கம்போலப் பெரிதாகச் சொல்கிறார் என்று நான் மனசுக்குள் சுருக்கிப் போட்டுக்கொண்டேன். அண்ணியின் பழக்கம் எனக்கும் வந்துவிட்டிருந்தது.

துண்டுகள் சூளையிலிருந்து வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனபோது நடு அறைத் தரையில் அவற்றைக் கோத்துச் சதுரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சொன்னது சொன்னபடி இருந்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. அழகாக இருக்கிறதே என்றேன். அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். தரையிலிருந்த சதுரம் மேலேயிருந்த சதுரத்தைவிடப் பெரிதாக இருந்தது. சுற்றிலும் நாலு விரல் கூடுதல்.

"ரெண்டு தரம் வுட்டுட்டோம்மா" என்றார்.

நடந்தது இதுதான். அவர் அளவெடுக்கும்போதே சுருங்குவதற்குச் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார். அதை அச்சு செய்யும் நண்பரிடம் கொடுத்திருக்கிறார். அந்த நண்பரும் அதே வேலையில் ஊறியவர். வந்த அளவை வெறும் அளவு என்று நினைத்துக்கொண்டு அவர் பங்குக்கு அவரும் சேர்த்துவிட்டார். சூளை தன் வேலையை ஒரு முறைதான் செய்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அதைப் போய் எதற்குக் கேட்பது, அது தெரிந்ததுதானே என்றார். இரண்டு பேருக்குமே தெரிந்திருந்ததுதான் வினை.

வெட்டலாம் என்றால் மெருகு பெயர்ந்துவிடும், கோக்கிற மூலையும் போய்விடும். திரும்பச் செய்யலாம் என்றால் யூனிட்டில் ஆர்டர் குவிந்திருந்தது, பொங்கலுக்கு முன்னால் இந்தச் சில்லறை வேலைக்கு யாரும் சூளையில் இடம் தரமாட்டார்கள். தளத்தைச் செதுக்கி ஓட்டையைப் பெரிதாக்கினால் கம்பி வெளியே வந்துவிடும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுவதும் எல்லாம் சுருங்கும் என்று பயந்தவர். சுருங்காத ஒன்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மூடிடறேன்மா. அவ சொல்றதுதான் சரி" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை நாள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போனவள் நான். மூடுவதற்கா அத்தனை பேச்சும்? கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே அளந்தேன், கீழே இறங்கி அளந்தேன். மேலே சின்னது, கீழே பெரிது. இதை நான் தினமும்தானே தைக்கிறேன். மேலே இடுப்பு, கீழே கரை, நடுவில் சரிவு. பாவாடைக்கு யாராவது இடுப்பையும் கரையையும் ஒரே அளவில் வைப்பார்களா? ஓட்டையின் விளிம்பிலிருந்து கம்பி வலையைச் சரிவாக வெளிப்பக்கம் இறக்கிப் பூசினால், அதன் அடியில் இந்தக் கரை சரியாக உட்காரும் என்றேன். கொத்தனார் யோசித்துவிட்டு, ஏற்கெனவே இருக்கிற கம்பிக் கிராதியோடு பற்றவைத்தால் தாங்கும் என்றார்.

அண்ணன் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வேலையில் யாரையும் கைவைக்க விடவில்லை. வலை கட்டினார், பூசினார், பட்டி பார்த்தார். யூனிட்டில் பச்சை மண் சாமான்களைத் தடவி வழவழப்பாக்க ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைக் கொண்டுவந்து, ஏணிமேல் நின்று, அண்ணாந்தபடியே சுற்றிச் சுற்றித் தடவினார். அந்தத் தொளதொள சட்டைக்குள் சுண்ணாம்பும் பட்டித் தூளும் கொட்டி, இறங்கும்போது உதறினால் புகைபோல வரும். அண்ணி சாயங்காலம் டீ கொண்டுவருவார். வாசலோடு நின்று என்னிடம் தூக்கைக் கொடுத்துவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவார்.

கரை பதித்து வெள்ளையடித்து முடிந்த அன்று நான் நடு அறையில் நின்று பார்த்தேன். கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் அந்த வெள்ளைச் சரிவில் பட்டு, அறை முழுக்கப் பரவியிருந்தது. சமையல்கட்டு மேடைவரை வந்திருந்தது. எனக்கு அதில் பங்கு இருக்கிறது என்ற பெருமையை மறைக்க நான் ஒன்றும் முயற்சி செய்யவில்லை. போய் அண்ணியிடம் சொன்னேன். மழை வரட்டும் என்றார்.

மழைதான் வரவில்லை. அந்த வருடம் ஐப்பசி காய்ந்தது, கார்த்திகையும் தூறலோடு போனது. அண்ணன் கூரைமேல் ஏறிக் குழாயைப் பிடித்துக் கண்ணாடிமேல் தண்ணீரடித்துக் காட்டினார். குழாய்த் தண்ணி வேற, மழை வேற என்று அண்ணி சொல்லியனுப்பினார். அது நியாயம்தான். எனக்கோ ஊசி ஓடவில்லை. மார்கழியும் பிறந்துவிட்டது. அண்ணி திட்டக்குடிக்குப் போகத் தனியாக ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தார். அதைத் தினமும் தாண்டித்தான் அண்ணன் வேலைக்குப் போனார்.

பிறகு ஒரு மத்தியானம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அவர் குடையை மட்டும் எடுத்துக்கொண்டார். நாங்கள் போய் இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அது சும்மா மழை இல்லை, இரண்டு மாத பாக்கியையும் சேர்த்துக் கொட்டிய மழை.

அண்ணன் எங்களுக்கு முன்பே ஷிப்டிலிருந்து ஓடிவந்திருந்தார். நடு அறையில் வெளிச்சத்துக்கு நேர் கீழே, மகள் கல்யாண அண்டாவைக் கொண்டுவந்து வைத்திருந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு சொட்டு வரக்கூடாது என்று ஒப்பந்தம். இந்த மனிதர் ஊரே குளிக்கிற அளவுக்குப் பாத்திரம் வைத்திருக்கிறார்.

அண்ணி வாசலில் செருப்பை விட்டார். குடையை மடக்கினார். அந்த ஓட்டையைப் பார்த்த நாளுக்கப்புறம் முதல் தடவையாக உள்ளே வந்தார்.

மூன்று பேரும் அண்டாவைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தோம். கண்ணாடிமேல் தண்ணீர் சாரை சாரையாக ஓடியது. காற்று ஒவ்வொரு முறை வீசும்போதும் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஓரமாக எங்காவது கசிகிறதா என்று நான் நாலு மூலையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து வலித்தது. மழை ஓய்வதாக இல்லை. அது நின்று, மேலே ஓடியது வடிந்து, கண்ணாடியில் துளித்துளியாகத் தங்கும்வரை அப்படியே நின்றோம்.

அண்ணி குனிந்து அண்டாவுக்குள் கையை விட்டார். அடியைச் சுற்றித் தடவினார். கையை வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். அதில் கொஞ்சம் தூசிதான் இருந்தது. அந்தக் கையை அவர் உடனே துடைத்துக்கொள்ளவில்லை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அத்தனை மேகமூட்டத்திலும் ரேகை தெரிந்தது. அறைக்குள் யாரும் சுவிட்சைப் போடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மேலே பார்த்தார். இந்த முறை மூலைகளைப் பார்க்கவில்லை. சரிவையும் வெள்ளைக் கரையையும் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்த அண்டாவ நல்லா வெளக்கி வையுங்க. இதுலயே பால் காய்ச்சிடலாம்" என்றார்.

இத்தனை பெரியதிலா என்று அண்ணன் கேட்டார். அவர் கேட்டே நான் பார்க்காத கேள்வி.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுங்க" என்றார் அண்ணி. "அப்பறம் சுருங்கிடப் போவுது."

நான் அந்த ஊரைவிட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. யார் வீட்டுக் கூரையில் கண்ணாடியைப் பார்த்தாலும், அண்ணி அப்படிச் சொன்னதும் அண்ணன் செய்தது நினைவுக்கு வரும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டையின் நுனியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தார். துடைக்க அதில் நிறையவே துணி இருந்தது.